கிட்லேப் குரூப்பில் இருவருக்கு மட்டும் உரிமையைக் குறைப்பது எப்படி?

கேள்வி (ஓசூர்): புரோகிராம் கோடைச் சேமித்துப் பகிரும் கிட்லேப் தளத்தில், எங்க குரூப்பில் 6 பேருக்கும் டெவலப்பர் ரோல் (கோடை மாற்றும் உரிமை). தருமபுரியிலிருந்து வேலை செய்யும் 2 பயிற்சியாளர்களை பில்லிங் புராஜெக்ட்டில் மட்டும் அதைவிடக் குறைந்த ரிப்போர்ட்டர் ரோலுக்கு மாற்றப் பார்த்தேன், ஏற்க மாட்டேங்குது. ஏன்?

பதில் 1: குரூப்பில் கொடுத்த ரோல் கீழே இருக்கிற எல்லா புராஜெக்ட்டுக்கும் இறங்கும். கீழே கூட்டலாம், குறைக்க முடியாது. முதல்ல ரெண்டு பேரையும் குரூப்பிலிருந்து எடுங்க. அப்புறம் வேண்டிய புராஜெக்ட்டில் மட்டும் நேரடியாச் சேத்துடுங்க, காலாவதித் தேதியோட. பயிற்சி முடிஞ்ச பிறகும் திறந்தே கிடக்கிற கணக்குதான் பெரிய ஓட்டை.

கேள்வி கேட்டவர்: எல்லாரும் ஒரே லாகின் வெச்சுக்கிட்டா சுலபமில்லையா?

பதில் 2: வேண்டாங்க. யார் புஷ் பண்ணினாங்கன்னே (மாத்தின கோடை ஏத்தினாங்கன்னே) தெரியாது. ஒருத்தர் விலகினா எல்லாருக்கும் பாஸ்வேர்டு மாத்தணும். ரிப்போர்ட்டர் கோடைப் படிக்கலாம், புஷ் பண்ண முடியாது. அதுவே போதும்.