பாதரச அயோடைடு அணைவு: இங்க லூயிஸ் காரம் எது?

ஒரு சந்தேகம் ரெண்டு நாளா தலையைக் குடையுது. மெர்க்குரிக் குளோரைடு (ஒரு பாதரச உப்பு) கரைசல்ல பொட்டாசியம் அயோடைடைச் சொட்டுச் சொட்டா விட்டா மெர்க்குரிக் அயோடைடு ஆரஞ்சுச் சிவப்பு வீழ்படிவா வரும். இன்னும் விட்டா கரைஞ்சு, நிறமே இல்லாம தெளிஞ்சிடும்: 1 பாதரசம், 4 அயோடைடு சேர்ந்த அணைவு அயனி. பாதரச அயனி எலக்ட்ரான் இணையை வாங்குற லூயிஸ் அமிலம், அயோடைடு அதைக் கொடுக்குற லூயிஸ் காரம். இதுவரை சரி.

அந்தத் தெளிந்த கரைசல்ல மறுபடி மெர்க்குரிக் குளோரைடு விட்டா சிவப்பு திரும்பி வந்துடுது! இப்போ காரம் முழு அணைவா, இல்ல பிரிஞ்சு வர்ற அயோடைடா? பிணைஞ்ச அயோடைடுகிட்டயும் தனி எலக்ட்ரான் இணைகள் மிச்சம் இருக்கே, அதை ரெண்டாவது பாதரசத்துக்குக் கொடுத்துப் பாலம் போடுதுன்னு என் ஊகம். சிவப்புத் திண்மத்துல ஒவ்வொரு அயோடினும் ரெண்டு பாதரசத்தோட பிணைஞ்சுதான் இருக்கு. 1963ல் வேதியியலாளர் பியர்சன் சொன்ன வன்-மென் கொள்கை (வன் அமிலம் வன் காரத்தோடயும், மென் அமிலம் மென் காரத்தோடயும் சேர விரும்பும்) ‘ஏன்’னு சொல்லுது, ‘எப்படி’ன்னு சொல்லலையே. தெரிஞ்சவங்க படிப்படியா விளக்குங்களேன்.