அமால்ஃபி கடற்கரையில் பஸ்ஸா, படகா?

இத்தாலியின் அமால்ஃபி பக்கம் போகிறவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான், முடிந்தவரை படகில் போங்கள். நாங்கள் சலெர்னோவில் தங்கினோம், அதே கடற்கரையில் இருக்கும் போசித்தானோவோடு பார்த்தால் அறை வாடகை ரொம்பக் குறைவு, காலையில் படகு ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் அமால்ஃபி. மலையிடுக்குக்கு ஓர் ஊர் என்று வியெத்ரி, சேத்தாரா, மையோரி வரிசையாகக் கடந்து போகும், அந்த அமைப்பு கடலில் இருந்து பார்த்தால்தான் புரியும். சாலையோ பாறையை வெட்டிப் போட்ட ஒற்றை நெடுஞ்சாலை. வளைவில் இரண்டு பஸ் எதிரெதிரே வந்துவிட்டால் ஒன்று பின்னுக்குப் போய்த்தான் தீரவேண்டும், அதற்குள் ஸ்கூட்டர்காரர்கள் ஹாரனை விடமாட்டார்கள்.

அமால்ஃபியில் எல்லாரும் 62 படி ஏறி அந்திரேயா பேராலயம் பார்க்கிறார்கள், நல்லதுதான். எங்களுக்குப் பிடித்தது பள்ளத்தாக்குப் பக்கம் இருக்கும் காகித அருங்காட்சியகம். அது பழைய ஆலை, தண்ணீர் வேகத்தில் ஓடும் மரச் சுத்தியல்கள் பருத்திக் கந்தலை இடித்துக் கூழாக்குவதைக் காட்டினார்கள். விளக்கிய அம்மா தாள் எடுக்கும் வலைச் சட்டத்தை என் மகள் கையில் கொடுத்துத் தொட்டியில் முக்கச் சொன்னார். அவள் எடுத்த தாள் ஒரு பக்கம் தடித்துப் போனது, "இதுதான் கைக்காகிதம்" என்று அவர் சிரித்துவிட்டார். அப்புறம் பக்கத்து அத்ரானிக்கு நடந்தே போகலாம், பரப்பளவில் இத்தாலியின் மிகச் சிறிய ஊராட்சி அது, கூட்டமும் குறைவு.

—

பஸ்ஸை இவ்வளவு திட்டவேண்டாம் சார், 'தெய்வங்களின் பாதை' என்ற மலை நடைபாதையில் நடக்க, அது தொடங்கும் பொமெரானோவுக்கு அமால்ஃபியில் இருந்து பஸ்தானே ஏறவேண்டும்! அங்கே தொடங்கி நொசெல்லே என்ற மலையூர்ப் பக்கம் நடந்தால் பெரும்பாலும் இறக்கம், போசித்தானோ முழுசாகக் காலடியில் தெரியும். நொசெல்லேயில் இருந்து கடல் மட்டத்துக்குச் சுமார் 1,700 படி, முட்டி வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு முன்னால் ஒருவர் கோவேறு கழுதையில் சிமென்ட் மூட்டை ஏற்றிக்கொண்டு போனார், வண்டி போகாத வீடுகளுக்கு அதுதான் லாரி.

—

மையோரியில் இருந்து மினோரிக்கு எலுமிச்சைத் தோட்டங்கள் வழியாக ஒரு நடைபாதை உண்டு, யாரும் சொல்லவில்லையே! தோட்டக்காரர் ஒருவர் கூப்பிட்டு, பழத்தைத் தடியாக நறுக்கி உப்புத் தூவிக் கொடுத்தார், அந்த வெள்ளைத் தோல் கசக்கவே இல்லை. மலைமேல் இருக்கும் ராவெல்லோ ஊரை விட்டுவிடாதீர்கள், 1880இல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் வந்து மயங்கிய ருஃபோலோ மாளிகைத் தோட்டம் அங்கேதான். குளிர்காலத்தில் போகிறவர்கள் படகை நம்பவேண்டாம், அநேகமாக ஓடாது, பஸ்தான்.