காண்ட்டை முதலில் எடுக்கலாமாம்!

சன்னலோரம்: தத்துவம் படிக்கத் தொடங்குகிறவர்கள் ஜெர்மன் தத்துவவாதி காண்ட்டின் 'புரோலெகோமெனா'வை முதலில் எடுக்கலாம். 1781இல் வந்த அவருடைய 'தூய அறிவின் விமர்சனம்' தலையணை கனம். புரோலெகோமெனாவோ 1783இல் ஆரம்ப வாசகர்களுக்கென்றே அவர் எழுதிய சின்னப் புத்தகம். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்.

கறார்வாசகன்: ஆரம்ப வாசகர்களுக்கென்று யார் சொன்னது? இது கற்றுக்குட்டிகளுக்கு அல்ல, வருங்கால ஆசிரியர்களுக்கு என்றுதான் காண்ட் முன்னுரையைத் தொடங்குகிறார். முதல் வரி ஐயா, முதல் வரி! அட்டையைத் தாண்டியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

சன்னலோரம்: முதல் நூல் புரியவில்லை என்று எல்லோரும் புலம்பியதால்தானே இதை எழுதினார்? அப்படியென்றால் இது எளிமை. சின்னதும்கூட.

கறார்வாசகன்: புலம்பியவர்கள் யார்? பெரிய நூலை நரம்பைப் பிழிகிறது என்று ஒதுக்கிவைத்தவர் அந்தக் காலத்தில் பெயர்பெற்ற தத்துவவாதியான மெண்டல்சோன். அவர் கற்றுக்குட்டியா? புரோலெகோமெனாவின் பின்னிணைப்பு, முந்தைய வருடம் வந்த ஒரு மதிப்புரைக்குக் கொடுத்த சூடான பதில். புதிதாக வருபவருக்கு அந்தச் சண்டை எதற்கு? சின்னப் புத்தகமாம். விட்கன்ஸ்டைனின் 'டிராக்டாட்டஸ்' அதைவிடச் சின்னது, தேர்ந்தவர்களையே திணறடிப்பது. அதையும் கொடுத்துப் பாருங்களேன்.

மணல்கடிகாரம்: ஆரம்பம் என்றால் யாருக்கு? பள்ளி மாணவருக்கா, ஓய்வு பெற்றவருக்கா? அதைச் சொல்லாமல் ஏன் அடித்துக்கொள்கிறீர்கள்? என்னைக் கேட்டால் பிளேட்டோவின் 'அப்பாலஜி'. கி.மு. 399இல் சாக்ரடீஸ் என்ற ஒரு மனிதர் நீதிமன்றத்தில் நின்று பேசுகிறார், அவ்வளவுதான். கலைச்சொல் என்று பயமுறுத்த எதுவும் இல்லை.

வேர்ச்சொல்: முதலில் தத்துவம் என்று எழுதுவதை நிறுத்துங்கள். சைவ சித்தாந்தத்தில் தத்துவம் 36 என்பார்கள், அங்கே அந்தச் சொல்லுக்குப் பொருளே வேறு. மெய்யியல் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

கறார்வாசகன்: கேட்டது புத்தகம், அகராதி இல்லை. முதல் வரிக்குப் பதில் வரட்டும்.

வேர்ச்சொல்: சொல்லைப் பற்றிக் கவலைப்படாதவர் முதல் வரியைப் பற்றிக் கவலைப்படுவது நல்ல வேடிக்கை. மணிமேகலையின் 27ஆம் காதையில் பல சமயக்கணக்கர்கள், அதாவது சமயவாதிகள், வரிசையாகத் தங்கள் கொள்கையைச் சொல்கிறார்கள். அதுவே நல்ல அறிமுகம். ஆனால் உங்களுக்கு ஜெர்மன் பெயர் இருந்தால்தான் இனிக்கும்.

அரைத்தூக்கம்: நான் 'சோஃபியின் உலகம்' படித்துத்தான் உள்ளே வந்தேன். நன்றாகத்தானே இருந்தது?

கறார்வாசகன்: அது நாவல். அறிமுகத்துக்குச் சரி, படித்துவிட்டுத் தத்துவம் முடிந்தது என்று சொல்லாதவரை. பிரெஞ்சுத் தத்துவவாதி தெகார்த்தின் 1637ஆம் வருட நூலான 'முறை பற்றிய உரை'யை எடுங்கள். லத்தீன் தெரியாதவர்களும் படிக்கட்டும் என்று பிரெஞ்சில் எழுதினார். பொதுவாசகரை மனதில் வைப்பது என்றால் அது. சன்னலோரத்தாருக்கு இது புதிதில்லை. போன தடவை ஸ்பினோசாவின் 'எதிக்ஸ்' உரையாடல் நடையில் இருக்கிறது என்றவர்தானே? வரையறை, அடிக்கோள், தேற்றம் என்று ஜியோமிதிக் கணக்கு மாதிரி போகும் நூல் அது!

சன்னலோரம்: ஒரு தடவை வாய் தவறியதை எத்தனை வருடம் சொல்வீர்கள்? நான் காண்ட்டைப் படித்தவன். எனக்குப் புரிந்தது.

கறார்வாசகன்: உங்களுக்குப் புரிந்தது காண்ட்டுக்கே தெரியாமல் போய்விட்டது. முதல் வரி என்ன சொல்கிறது?

அரைத்தூக்கம்: நான் நாவலை முடித்துவிட்டுத் தத்துவம் முடிந்தது என்று எப்போது சொன்னேன்?

மணல்கடிகாரம்: யாருக்கு என்று கேட்டேன். இன்னும் யாரும் சொல்லவில்லை.

சன்னலோரம்: யாராக இருந்தாலும் சின்னப் புத்தகம்தான் நல்லது.

வேர்ச்சொல்: மெய்யியல் புத்தகம்.

கறார்வாசகன்: முதல் வரி.