முப்பரிமாணக் கண்காணிப்புத் திரை எங்கெல்லாம் ஏமாற்றும்? – அனுபவப் பகிர்வு

தரைநிலையம்:
விண்கலமோ ரோபோவோ, 3டி மாடலை ஓடவிட்டுக் கண்காணிப்பவர்கள் எதிர்கொள்ளும் கோளாறுகளை எழுதுங்கள். முதலில் என் பங்கு.

டெலிமெட்ரி (கலம் அனுப்பும் அளவீடுகள்) நின்றுபோனாலும் மாடல் கடைசி நிலையில் கம்பீரமாக நிற்கும். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். கடைசித் தரவு வந்து எவ்வளவு நேரமாயிற்று என்று பார்க்க, மொத்த மாடலுக்கும் ஒரே டைமர் வைத்துப் பயனில்லை. ஆட்டிட்யூட் (கலம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது) ஒரு தரவுப் பாக்கெட்டில் வரும், சோலார் பேனல் கோணம் வேறொன்றில் வரும். ஒன்று நின்றாலும் மற்றது டைமரைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். பாகத்துக்கு ஒரு டைமர் வையுங்கள். வழக்கமான இடைவெளியைப் போல் மூன்று மடங்கு கடந்ததும் அந்தப் பாகம் மட்டும் சாம்பல் நிறமாகட்டும்.

கலத்தச்சன்:
கலம் திடீரென்று ஒரு குட்டிக்கரணம் அடித்துப் பழைய நிலைக்கே வந்தால் பதறாதீர்கள். திரும்பிய நிலையை நான்கு எண்களால் சொல்லும் குவாட்டர்னியனில் q, -q இரண்டும் ஒரே நிலைதான். அடுத்தடுத்த இரண்டின் டாட் புராடக்ட் (ஒத்த எண்களைப் பெருக்கிக் கூட்டியது) எதிர்மறையாக இருந்தால், ஒன்றின் குறியை மாற்றிய பிறகே இடைப்பட்ட நிலைகளைக் கணக்கிட வேண்டும். நான்கு எண்களின் வரிசையும் முக்கியம்: நாசாவின் ஸ்பைஸ் மென்பொருள் நூலகம் ஸ்கேலாரை (அச்சைச் சாராத தனி எண்ணை) முதலில் வைக்கும், ரோபோ மென்பொருளான ரோஸ் (ROS) கடைசியில் வைக்கும். மாறிப்போனாலும் மாடல் நம்பும்படியாகவே சுழலும், அதுதான் தொல்லை. சூரியத் திசைக்கு ஒரு அம்புக்குறி வரைந்து, பேனல் மின்னோட்டத்தோடு ஒப்பிடுங்கள். திரையில் பேனல் வெயிலுக்கு முதுகைக் காட்டியபடி நிற்க, மின்னோட்டம் முழுதாக வந்தால் தவறு திரையில்தான்.

நேரமுத்திரை:
எல்லாம் சரியாக இருந்தும் கலம் சுற்றுப்பாதையில் சுமார் 135 கி.மீ. தள்ளி நிற்கிறதா? ஜிபிஎஸ் நேரத்தை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொண்டிருப்பீர்கள். 2017 முதல் வித்தியாசம் 18 வினாடி. தாழ்வட்டப் பாதையில் வேகம் வினாடிக்குச் சுமார் 7.5 கி.மீ. பெருக்கிப் பாருங்கள்.

இன்னொன்று, உதறல். பூமி மையத்திலிருந்து மீட்டரில் அளந்து 32 பிட் ஃப்ளோட்டில் (கணினியின் தசம எண் வடிவில்) வைத்தால், 6,800 கி.மீ. தொலைவில் அடுத்தடுத்த எண்களுக்கு நடுவே அரை மீட்டர் இடைவெளி. இரு கலங்கள் இணையும் டாக்கிங் காட்சி நடுங்கும். சூரியனை மையமாக வைத்தால் பூமியருகே அந்த இடைவெளி 16 கி.மீ.! கேமராவின் இடத்தை 64 பிட்டில் கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் ஜிபியுவுக்கு (வரைகலைச் செயலிக்கு) அனுப்பினால் சரியாகிவிடும்.

சக்கரம்:
தரை ரோபோ பக்கம். ரோஸ் 2-வில் டாபிக் (தரவு ஓடும் தடம்) ஓடுகிறது, ஆனால் அதன் 3டி காட்சி மென்பொருளான ஆர்விஸில் ஒன்றும் தெரியவில்லை என்றால் முதலில் ரிலயபிலிட்டி அமைப்பைப் பாருங்கள். சென்சார் பெஸ்ட் எஃபர்ட்டில் (தொலைந்தால் மீண்டும் அனுப்பாத முறை) அனுப்ப, ஆர்விஸ் ரிலயபிள் (தொலைந்ததை மீண்டும் அனுப்பும் முறை) கேட்டால் இரண்டும் இணையவே இணையாது.

சென்சாரின் ஸ்கேன் திரையில் வந்து வந்து மறைந்தால் காரணம் கடிகாரம். ஸ்கேனுக்கு ஒரு கணினியும் ஓடோமெட்ரிக்கு (ரோபோ நகர்ந்த தூரக் கணக்குக்கு) இன்னொன்றும் நேரம் போட்டால், முந்தி ஓடும் கடிகாரத்தின் ஸ்கேனுக்கு டிரான்ஸ்ஃபார்ம் (அந்த நேரத்தில் ரோபோ இருந்த நிலை) இன்னும் வந்திருக்காது. பத்து வினாடிக்கு மேல் பிந்தினால், டிரான்ஸ்ஃபார்ம்களைச் சேமிக்கும் டிஎஃப் பஃபரின் இயல்பு அளவைத் தாண்டி அது அழிந்திருக்கும். இரண்டு கணினியிலும் குரோனி (கடிகாரத்தைச் சரிசெய்யும் மென்பொருள்) போட்டு ஒத்திசையுங்கள்.

வைஃபையில் முழு பாயின்ட் கிளவுட் (3டி புள்ளிகளின் தொகுப்பு) வேண்டவே வேண்டாம். 640×480 டெப்த் படம் (ஒவ்வொரு புள்ளியின் தூரத்தையும் சொல்வது), புள்ளிக்கு 16 பைட், வினாடிக்கு 30 ஃப்ரேம் என்றால் வினாடிக்குக் கிட்டத்தட்ட 147 மெகாபைட். ரோபோவிலேயே 5 செ.மீ. வாக்ஸல் ஃபில்டர் (ஒரு சிறு கனசதுரத்துக்கு ஒரு புள்ளி மட்டும் வைப்பது) போட்டு, வினாடிக்கு ஐந்து ஃப்ரேம் அனுப்பினால் போதும்.

செம்மண்:
செவ்வாய் ரோவர்களில் ஸ்டீரியோ (இரட்டைக் கேமரா) படத்திலிருந்து எடுக்கும் நிலமெஷ்ஷை (நிலத்தின் 3டி வலை வடிவத்தை) நம்பும் தூரத்துக்கு எல்லை உண்டு. பிழை தூரத்தின் வர்க்கமாக ஏறும். கியூரியாசிட்டி ரோவரின் நேவ்கேம் (வழிகாட்டும் கேமரா) இணைக்கு நடுவே 42 செ.மீ.; கால் பிக்சல் பொருத்தப் பிழை இருந்தால் 10 மீட்டரில் 5 செ.மீ., 30 மீட்டரில் 44 செ.மீ. பாறைக்குப் பின்னால் கேமராவுக்குத் தெரியாத இடத்தை மென்பொருள் வழவழப்பாக நிரப்பிவிட்டால் இன்னும் மோசம். அங்கே ஓட்டையை ஓட்டையாகவே காட்டுங்கள்.

மெஷ் நிலத்தின் வடிவத்தை மட்டும்தான் காட்டும். 2009-இல் ஸ்பிரிட் ரோவர் சிக்கியது மேலோட்டுக்கு அடியில் இருந்த பொலபொல மண்ணில். அதனால் சக்கரச் சுழற்சி சொல்லும் தூரத்தையும் படங்களை ஒப்பிட்டு அளந்த தூரத்தையும் இரண்டு தடங்களாக ஒரே மெஷ்மேல் வரைவது நல்லது. தடங்கள் பிரியத் தொடங்கினால் சக்கரம் வழுக்குகிறது.

தரைநிலையம்:
@செம்மண், அந்த இரண்டு தடத்துக்கும் தரவு எவ்வளவு பழையது என்று காட்டும் வயது நிறம் தனித்தனியாகக் கொடுங்கள். படத்தடம் தாமதமாக வந்தாலும் தடங்கள் பிரிந்தது போலத்தான் தெரியும்.