ஏழு பேர்ச்சில் ஒரு குளியல் குளம்: நீங்கள் எப்படி அழகாக்கினீர்கள்?

கொட்டகலைக்காரன்

பிள்ளைகள் இரண்டும் கொழும்பில் சித்தப்பா வீட்டுப் பக்கத்து நீச்சல் தடாகத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து ஒரே நச்சரிப்பு. எங்களுக்கு இருப்பது 7 பேர்ச் (ஏறக்குறைய 1,900 சதுர அடி) காணி. வீடு, கோழிக்கூடு, கறிவேப்பிலை மரம் எல்லாம் போக மிஞ்சின இடத்தில் 10 அடி அகலத்துக்கு வட்டமாக வெட்டினேன். பாதியை மண்ணில் இறக்கி, மேலே சிமெந்துக் கல் வரிசை வைத்து, தடித்த நீலத் தார்ப்பாயை இரண்டாக மடித்து விரித்தேன். இரண்டடி தண்ணீர். வேலை முடிந்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினால், "இதென்ன, தேயிலை மலையில மருந்து கலக்குற தொட்டி மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உண்மையும் அதுதான். இரண்டு நாள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்ததில் குறை எங்கே என்று பிடிபட்டது. கண்ணை உறுத்தியது தண்ணீர் இல்லை, விளிம்பு. கல்லுக்கு மேலே மடித்து விட்ட தார்ப்பாயின் சுருக்கமும், அதை அழுத்தி வைத்த செங்கல்லும்தான் மருந்துத் தொட்டியின் அடையாளம். மூங்கிலை இரண்டாகப் பிளந்து விளிம்பைச் சுற்றிக் கவிழ்த்து வைத்தேன். வெட்டின மூங்கிலை இரண்டு வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால் வண்டு அவ்வளவாக அரிக்காது, எங்கள் தாத்தா கூடைக்கு அப்படித்தான் செய்வார். பழைய மலையில் பிடுங்கிப் போட்ட தேயிலைத் தூர் நான்கைக் கழுவிக் காயவைத்து வெளிப்பக்கக் கல்லுக்கு முன்னால் நிறுத்தினேன். கல் மறைந்துவிட்டது.

அப்புறம் ஒரு பீலி, தண்ணீர் கொட்டும் குழாய் வாய். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூங்கில் குழாய் ஒன்றைச் சரிவாக வைத்து, மீன்தொட்டிக்குப் போடும் சின்ன மோட்டாரால் அதே தண்ணீரைச் சுற்றி விழ வைத்தேன். மோட்டாருக்கு ட்ரிப் சுவிட்ச் (மின்சாரம் கசிந்தால் தானே நிறுத்திவிடும்) உள்ள லைன்தான், பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது பிளக்கையே கழற்றிவிடுவேன். சாயந்திரம் அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கின பிறகுதான் வீட்டுக்காரி தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

உங்கள் கதைகளையும் சொல்லுங்கள். சொதப்பினதையும் சேர்த்து.

நுவரெலியா அக்கா

தம்பி, எங்கள் பக்கம் வருசம் முழுக்கச் சராசரி வெப்பம் 16 பாகைதான். நீலத் தார்ப்பாயில் தண்ணீரைப் பார்த்தாலே பல் கிட்டும். நான் கறுப்பு விரிப்புப் போட்டேன். வெயிலை இழுத்துக் கொஞ்சம் சூடும் ஏறும், பார்க்கவும் காட்டுக்குள் இருக்கிற சுனை மாதிரி இருக்கும். ஆனால் ஒன்று, அடி தெரியாது. ஆழமும் தெரியாது, உள்ளே அழுக்குக் கிடந்தாலும் தெரியாது. சின்னப் பிள்ளை உள்ள வீட்டுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

பூவுக்கு ஹைட்ரேஞ்சியா வைத்தேன். நம்முடைய தேயிலை மண் புளிப்பு மண் என்பதால் பூ நீலமாகத்தான் பூக்கும். எனக்கு மட்டும் குளத்தோரச் செடிகள் அடுத்த பூப்பில் ரோஸ் நிறமாக வந்தன. யாரோ செடி மாற்றித் தந்துவிட்டார்கள் என்று ஒரு மாதம் கோபத்தில் இருந்தேன். கடைசியில் பார்த்தால், கட்ட வந்த மேசன் பாஸ் சிமெந்துக் கலவை கழுவின தண்ணீரையெல்லாம் அந்த மூலையில்தான் ஊற்றியிருக்கிறார். சிமெந்தின் சுண்ணாம்பு இறங்கி மண்ணின் புளிப்பு போய்விட்டது. இப்போது ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் ரோஸ். வருகிறவர்கள் எல்லாம் வேண்டுமென்றே செய்தது என்று நினைக்கிறார்கள், நானும் ஆமென்றுதான் சொல்கிறேன்.

பண்டாரவளை மாஸ்டர்

அழகுக்கு முதல் எதிரி சரிவு. தரையில் 2 அங்குல வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரியவில்லை. தண்ணீர் நிரப்பினதும் ஊருக்கே தெரிந்தது. தண்ணீர் நேராக நிற்கும், விளிம்பு கோணலாக நிற்கும், எத்தனை பூந்தொட்டி வைத்தாலும் அது மறையாது. முழுக்க இறைத்துவிட்டுத் திரும்பவும் கட்டினேன். இந்த முறை மேசன் பாஸிடம் உள்ளே தண்ணீர் தெரிகிற பிளாஸ்டிக் குழாய் வாங்கி, தண்ணீர் மட்டம் பிடித்துப் பார்த்த பிறகுதான் கல் வைத்தேன்.

அடுத்தது காற்று. ஆடி ஆவணியில் நம் ஊவாக் காற்று தேயிலைக்கு வாசனை கொடுக்கும், குளத்துக்குக் குப்பை கொடுக்கும். பக்கத்தில் யூகலிப்டஸ் மரம் இருந்தால் மூன்றே நாளில் தண்ணீர் சாயத் தேத்தண்ணி நிறம். இலை கிடக்கக் கிடக்கக் குளோரினும் வீணாகும். பழைய நுளம்புவலையைச் சட்டத்தில் கட்டி இரவில் மூடிவிடுகிறேன்.

மஸ்கெலியாப் பொண்ணு

குளத்தைச் சுற்றிப் பன்னமும் (பெரணிச் செடி) புல்லுமாகப் பச்சைப்பசேல் என்று வளர்த்தேன். படம் எடுத்தால் ஹோட்டல் மாதிரி. ஆனால் குளிக்க வந்த அத்தை காலில் ஏழு அட்டை! இப்போது சுற்றிவர இரண்டடிக்குச் சல்லிக்கல், அதற்கு அப்பால்தான் செடி. குளோரின் தண்ணீர் தெறித்துப் பன்னம் கருகுவதும் நின்றது.

சோலார் லைட் வாங்குகிறவர்கள் எங்கள் பக்க மழையை நினைத்துக்கொண்டு வாங்குங்கள். ஜூன் ஜூலையில் வெயிலே இல்லை, லைட் ஏழு மணிக்கே தூங்கிவிடும்.

பதுளைப் பெரியவர்

எல்லாரும் அழகைப் பற்றிப் பேசுகிறீர்கள். கொட்டகலைத் தம்பி, அந்தக் குளத்தில் எவ்வளவு பாரம் என்று கணக்குப் பார்த்தீரா? 10 அடி வட்டத்தில் இரண்டடி தண்ணீர் என்றால் ஏறக்குறைய 4,400 லீட்டர், அதாவது நாலரைத் தொன்னுக்குக் கிட்ட. நான் என்னுடையதை மேட்டு விளிம்பில், பள்ளத்தாக்கு தெரியட்டும் என்று கட்டினேன். காட்சி என்னவோ பிரமாதம். தார்ப்பாயில் ஊசித்துளை மாதிரி ஒரு கசிவு, அடுத்த மழையில் கீழே மண்ணில் விரல் நுழைகிற வெடிப்பு. அன்றைக்கே தண்ணீரைத் திறந்துவிட்டேன். அதையும் கானில் (வடிகாலில்) தான் விட வேண்டும், கீழ் வீட்டுக்காரன் சுவருக்கு இல்லை. இப்போது வீட்டுக்குப் பின்னால், உறுதியான தரையில் இருக்கிறது. காட்சி கோழிக்கூடுதான்.

லிந்துலைத் தங்கச்சி

குளிரில் இரண்டு மாதம் யாரும் இறங்கவில்லை என்று எங்களுடையதை அப்படியே விட்டோம். மேலே தாமரை மாதிரிப் பிளாஸ்டிக் பூ வேறு மிதக்கவிட்டிருந்தோம். டெங்கு பார்க்க வந்த பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பூ நல்லா இருக்கு, புழுவும் நல்லா இருக்கு" என்றார். பூவின் கிண்ணத்துக்குள்ளும் மழைத் தண்ணீர் தேங்கி அதிலும் புழு. பாவிக்காத காலத்தில் இறைத்துக் காயவைத்து மடித்து வைத்துவிடுங்கள்.

கொட்டகலைக்காரன்

பெரியவர் சொன்னதைப் படித்துவிட்டு டார்ச்சோடு போய்ச் சுற்றிப் பார்த்தேன். என்னுடையது மேட்டிலிருந்து எட்டடி உள்ளே, தரையில் ஈரம் எதுவும் இல்லை. ஆனால் பீலி வாயில் ஒரு தவளை குடியேறியிருக்கிறது. வீட்டுக்காரி அதை விரட்டக் கூடாது என்கிறாள்.