ஸ்டேஷன் லெவன்: ஊரே செத்த பிறகு நாடகம் போடுறது ஒரு பொழப்பா?

மண்வெட்டி
ஸ்டேஷன் லெவன் சீரியலோட பத்து எபிசோடையும் ரெண்டு ராத்திரில முடிச்சுட்டு கடுப்புல எழுதுறேன். கதைய முழுசா உடைக்கப்போறேன், பாக்காதவங்க இப்பவே ஓடிடுங்க. 2021 டிசம்பர்ல எச்பிஓ மேக்ஸ்ல வந்தப்பவே ஆகா ஓகோன்னாங்க, நான்தான் இப்பதான ஒரு கொரோனாவ பாத்து முடிச்சோம்னு தள்ளி வெச்சிருந்தேன். ஒரு ஃப்ளூ வருது, சில நாள்ல உலகமே காலி. இருபது வருஷம் கழிச்சு டிராவலிங் சிம்பொனின்னு ஒரு கோஷ்டி, பழைய பிக்கப் வண்டில குதிரைய பூட்டி மிச்சிகன் ஏரிய சுத்தி சுத்தி வந்து ஷேக்ஸ்பியர் போடுது. இத்தன வருஷத்துல பெட்ரோல் கெட்டுப்போயிருக்கும்னு யோசிச்சு குதிரைய பூட்டுனான் பாரு, அதுக்கு ஒரு சபாஷ். ஆனா அந்த குதிரைக்கு கொள்ளு எவன் வெளைய வெச்சான்? இவங்க என்னத்த தின்னாங்க? செருப்பு யாரு தெச்சா? எதுவும் உருப்படியா காட்டல. நெருப்ப சுத்தி உக்காந்து வசனம் பேசுறாங்க, அழறாங்க, கட்டிப்புடிக்கிறாங்க. கூழுக்கே வழியில்லாத எடத்துல மீசைக்கு மட்டும் எண்ணெய் தடவிக்கிட்டு இருக்காங்கன்னு தோணுச்சு. எனக்கு மட்டும்தான் இப்படியா?

இரவுக்காட்சி
உங்களுக்கு மட்டும்தான். நாத்து நடுறத பாக்கணும்னா வயலும் வாழ்வும் இருக்கே பாஸ், எதுக்கு எச்பிஓ?

எங்க ஊரு செய்யாறு பக்கம். திரௌபதி அம்மன் கோயில்ல பாரதக் கூத்து போட்டா விடிய விடிய ஓடும், ஊரே முழிச்சிருக்கும், அவங்க எல்லாம் வயிறு நெறஞ்சவங்களா என்ன? மேடைல ஒப்பாரி ஆரம்பிச்சா எங்க ஆயா அழும், கதைக்காக இல்ல, எப்பவோ செத்துப்போன எங்க பெரிய மாமாவுக்காக. ரெண்டாவது எபிசோட்ல அந்த கோஷ்டில நடிக்கிற கிர்ஸ்டன் ஹாம்லெட் வேஷம் கட்டி அப்பன் செத்த துக்கத்த பேசுறா, ஊடால ஊடால அவ சின்ன புள்ளையா இருந்தப்ப அப்பா அம்மா செத்த சேதி போன்ல மெசேஜா வந்து விழுந்தத காட்டுறான். இருபது வருஷமா அழாத அழுகைய ஷேக்ஸ்பியர் பேர சொல்லி அழுதுக்குது அந்த பொண்ணு. அத பாத்துட்டு உங்களுக்கு கொள்ளு ஞாபகம் வருதுன்னா நான் என்ன சொல்ல.

மண்வெட்டி
கூத்து பாத்துட்டு உங்க ஆயா காலைல எங்க போச்சு? களை எடுக்க போயிருக்கும். நான் கேக்குறதே அந்த காலைதான். இதுல ராத்திரி மட்டும்தான் இருக்கு, காலைய காணோம்.

ரிமோட்டு ராணி
எனக்கு கொள்ளும் வேணாம் கூத்தும் வேணாம், கதை எந்த வருஷத்துல நடக்குதுன்னு மட்டும் சொல்லுங்கப்பா போதும். முன்னாடி போறான் பின்னாடி வரான், மூணாவது எபிசோட்ல திடீர்னு மெயின் ஆளுங்க யாரையும் காணோம், மிராண்டான்னு ஒரு பொண்ணு மலேசியாவுல ஹோட்டல் ரூம்ல தனியா உக்காந்து சாகுது, அதுக்கும் நாடகத்துக்கும் என்னடா சம்பந்தம்னு நான் அங்கயே ஆஃப் பண்ணிட்டேன்.

புக்குப்பூச்சி
ஐயோ ராணிக்கா, மொத்த கதையோட ஆணிவேர்லயே ஆஃப் பண்ணிட்டீங்களே! அந்த மிராண்டா வரைஞ்ச காமிக்ஸ் பேருதான் ஸ்டேஷன் லெவன். அது ரெண்டே ரெண்டு புள்ளைங்க கைல போய் சேருது, ஒண்ணு கிர்ஸ்டன், இன்னொண்ணு டைலர். ஒருத்திக்கு அது துணை, இன்னொருத்தனுக்கு அது வேதம். அப்பறம் கடைசி எபிசோட்ல தெரியும், அவ சாகுறதுக்கு முன்னாடி ஹோட்டல் ரூம்ல இருந்து போன் போட்டு, செவர்ன் சிட்டி ஏர்போர்ட்ல நிக்கிற ஒரு பிளேனோட பைலட்கிட்ட கதவ தொறக்காதீங்கன்னு கெஞ்சுறா. உள்ள நோய் இருக்கு. அவர் தொறக்கல. அந்த ஒரு போனாலதான் ஏர்போர்ட்ல மாட்டிக்கிட்ட அத்தன பேரும் பொழைச்சாங்க, டைலரும் சேர்த்து.

இப்ப பாருங்க, அதே பிளேன்ல இருந்து கொஞ்ச நாள் கழிச்சு ஒருத்தன் உயிரோட எறங்கி வரான். சின்ன பையன் டைலர் அவன கைய புடிச்சு உள்ள கூட்டிட்டு வரான், பெரியவங்க நோய் ஒட்டிக்கும்னு பயந்து அவன சுட்டுத் தள்ளுறாங்க. பழசு எல்லாம் ஒழியணும்னு அந்த பையன் கிளம்புறது அங்கிருந்துதான். காப்பாத்துன கதவும் கெடுத்த கதவும் ஒரே பிளேனோடது. எழுதுனவன் கைய புடிச்சு முத்தம் குடுக்கலாம்.

மிசிசாகா மாமா
நான் இருக்கிறது மிசிசாகா. இந்த சீரியல்ல கனக்க இஞ்ச எங்கட பக்கத்திலதான் எடுத்தவை. 2020 ஜனவரியில சிகாகோவில ரெண்டு எபிசோட் எடுத்து முடிய, கதையில வாற மாதிரியே உண்மையான தொற்று வந்து எல்லாத்தையும் நிப்பாட்டிப் போட்டுது, 2021ல இஞ்ச வந்துதான் மிச்சத்த எடுத்தவை. அப்ப யோசிச்சுப் பாருங்கோ, முதல் எபிசோட்டில குட்டி கிர்ஸ்டனைக் கூட்டிக்கொண்டு போற அந்த ஜீவன் தம்பி கடையில வண்டில் வண்டிலா சாமான் அடுக்கேக்க நடிச்ச பெடியனுக்கு லொக்டவுன் எண்டா என்னெண்டே தெரியாது. பாத்துக்கொண்டிருந்த எங்களுக்குத் தெரியும். எனக்கு சிரிப்பும் வந்தது, வயித்தையும் கலக்கினது. சாப்பாட்டக் காட்டேல்ல எண்டு மண்வெட்டித் தம்பி சொல்லுறது பிழை, முதல் எபிசோட்டே சாப்பாட்டுச் சாமான்தான்.

மண்வெட்டி
மாமா அது காசு குடுத்து கடைல வாங்குனது. நான் இருபதாவது வருஷத்த கேக்குறேன்.

அது போகட்டும், புக்குப்பூச்சி, உங்க ஆணிவேருக்கே வரேன். டைலர் சின்ன வயசுல ஒரு கொலைய பாத்தான், பாவம், ஒத்துக்கிறேன். அதுக்கப்பறம் அவன் ஆளா சேர்த்த குழந்தைங்க என்ன பண்ணுச்சு? நாலாவது எபிசோட்ல ரெண்டு பொடிசுங்க கண்ணிவெடிய கட்டிக்கிட்டு வந்து கில்ங்கிற அந்த பெரியவர கட்டிப்புடிக்குதுங்க, அப்பறம் பொடிசும் இல்ல பெரியவரும் இல்ல. அவன் கைல கடைசியா ஹாம்லெட் வேஷத்த குடுத்து, அவங்கம்மாவ கூடவே மேடையேத்தி, நாலு வசனம் பேச வெச்சு, ஏர்போர்ட்டுக்கு பெரிய மனுஷனா இருக்குற கிளார்க்க எதிர நிறுத்தி, எல்லாம் சரியாயிடுச்சு போய்ட்டு வா ராசான்னு குழந்தைங்களோடயே அனுப்பி வெக்கிறாங்க. அந்த ரெண்டு புள்ளைங்களுக்கு யாரு வசனம் பேசுனா? பேரு கூட எனக்கு ஞாபகமில்ல. நாடகம் போட்டா ரத்தம் காஞ்சிடுமா?

புக்குப்பூச்சி
இது நியாயமான கேள்வி. எமிலி செயின்ட் ஜான் மேண்டல் 2014ல எழுதுன நாவல்ல அவன் திருந்தவே மாட்டான், அவன் கூட்டத்து பையன் ஒருத்தனே சுட்டுடுவான், கணக்கு முடிஞ்சுது. நாவல்ல ஜீவனும் கிர்ஸ்டனும் முதல் நாள் ராத்திரியோட பிரிஞ்சுடுவாங்க, சேர்ந்து வாழ்ந்த கதையே கிடையாது. டிவிக்கு மாத்துன பாட்ரிக் சோமர்வில் ரெண்டையும் வேணும்னே மாத்துனாரு. யாரையும் சுடாம ஒரு கூட்டம் எப்படி நிமிரும்னு பாக்கணும்னு நெனச்சிருப்பாரு போல. ஜீவன் விஷயத்துல அது எனக்கு நாவல விட பிடிச்சுது. டைலர் விஷயத்துல... ரெண்டு தடவ பாத்தும் அந்த கண்ணிவெடி சீன தாண்ட முடியல, அத மறைக்க விரும்பல.

பழைய டிவிப்பெட்டி
தம்பி மண்வெட்டி, நீங்க கேக்குற சீரியல் நீங்க பொறக்குறதுக்கு முன்னாடியே வந்து போயிடுச்சு. சர்வைவர்ஸ்னு பேரு, பிபிசில 1975 ஏப்ரல்ல ஆரம்பிச்சு 1977 வரைக்கும் மூணு சீசன், 38 எபிசோடு. டாக்டர் ஹூங்கிற சீரியல்ல வர்ற டாலெக்குங்கிற வில்லனுங்களுக்கு அப்பா டெர்ரி நேஷன் உருவாக்குனது. டைட்டில்லயே ஒரு விஞ்ஞானி கைல இருந்து நோய்க்கிருமி குடுவை விழுந்து உடையும், அப்பறம் அவர் பிளேன் ஏறுவார், பாஸ்போர்ட்ல முத்திரை மேல முத்திரையா விழும், அவ்வளவுதான், உலகம் முடிஞ்சுது. 2020ல அத யூடியூப்ல பாத்தப்ப எனக்கு கை சில்லுனு ஆயிடுச்சு. அபின்னு ஒரு அம்மா மகன தேடிக்கிட்டு அவன் ஹாஸ்டல் ஸ்கூலுக்கு போவாங்க, அங்க ஒரு வயசான வாத்தியார் மட்டும் மிச்சம். அவர் சொல்றதோட சாரம் என்னன்னா, கடைல இருக்குறதெல்லாம் ஒருநாள் தீரும், அப்பறம் ஒரு சின்ன சாமானக்கூட முதல்ல இருந்து செய்ய கத்துக்கணும், நம்மள்ல யாருக்கும் அது தெரியாது. உங்க கொள்ளு கேள்விய அம்பது வருஷம் முன்னாடியே கேட்டுட்டாரு. கடைசி எபிசோடு எதப் பத்தி தெரியுமா, ஸ்காட்லாந்துல தண்ணில இருந்து மறுபடி கரண்ட் எடுக்குறது!

2008ல அதையே புதுசா எடுத்தாங்க, ரெண்டு சீசனோட பாதில நிறுத்திட்டாங்க. அத விடுங்க.

மண்வெட்டி
ஐயா கும்பிடுறேன். இதத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். இரவுக்காட்சி, பாத்துக்கோங்க, 1975லயே காலைய காட்டியிருக்கான்.

பழைய டிவிப்பெட்டி
அவசரப்படாதீங்க, முழுசா சொல்லிடுறேன். அதே சீரியல்ல லா அண்ட் ஆர்டர்னு ஒரு எபிசோடு. ஒரு பொண்ணு கொலையாயிடும். பார்னின்னு மனவளர்ச்சி குறைஞ்ச ஒரு அப்பாவி மேல பழி விழும். ஓட்டு போடுவாங்க, கொல்லணும்னு முடிவாகும், சீட்டு குலுக்குற மாதிரி யாரு சுடுறதுன்னு குச்சி எடுத்து பாப்பாங்க, சுட்டும் போட்டுடுவாங்க. அப்பறம் பிரைஸ்ங்கிறவன் வந்து நான்தான் கொன்னேன்னு ஒத்துக்குவான். தலைவருங்க ரெண்டு பேரும் என்ன பண்ணுவாங்க தெரியுமா? வெளிய சொல்லாம அமுக்கிடுவாங்க. ஏன்னா வேலை செய்ய இன்னொரு ஆள இழக்க முடியாது. நீங்க கேட்ட மண்வெட்டி, களை, கொள்ளு எல்லாம் அங்க இருக்கு. அதுக்காகத்தான் கொலைகாரன் தப்பிச்சான். டைலர நாடகத்துக்காக மன்னிச்சாங்கன்னு கோவப்பட்டீங்க, இவன வேலைக்காக மன்னிச்சாங்க.

இரவுக்காட்சி
ஐயா 🙏 இதுக்கு மேல நான் ஒண்ணும் பேச வேண்டியதில்ல

மண்வெட்டி
ஆனா அங்க தப்புன்னு தெரிஞ்சு அமுக்குறாங்க, பாக்குறவனுக்கு குமட்டும். இங்க பின்னாடி மியூசிக் போட்டு நம்மள அழ வெக்கிறான். ரெண்டும் ஒண்ணு இல்ல.

இன்னொண்ணு, யாருமே இத பேச மாட்டேங்கிறீங்க. ஜீவனோட கூடப்பொறந்த ஃப்ராங்க் எப்படி செத்தான்? ஏழாவது எபிசோட எடுத்துக்கோங்க. சிகாகோ அபார்ட்மெண்ட்ல ஜீவன், ஃப்ராங்க், கிர்ஸ்டன் மூணு பேரும் அடைஞ்சு கிடக்காங்க, சாமான் தீந்துபோச்சு, கிளம்பணும். அந்த குட்டிப்பொண்ணு கிர்ஸ்டன் என்ன பண்ணுது, போறதுக்கு முன்னாடி காமிக்ஸ நாடகமா போட்டுட்டுதான் போகணும்னு அடம்புடிக்குது. போடுறாங்க. அந்த நேரத்துல ஒருத்தன் கத்தியோட உள்ள பூந்து ஃப்ராங்க குத்திடுறான். சீரியலே சொல்லுது, நாடகம் ஒரு உயிர வாங்குச்சுன்னு. நீங்கதான் கைதட்டுறீங்க.

வார்டு நம்பர் 7
நான் நர்ஸு. பேச வேணாம்னுதான் படிச்சுக்கிட்டு இருந்தேன்.

முதல் எபிசோட்ல ஜீவனோட அக்கா சியா ஆஸ்பத்திரில இருந்து போன் பண்ணி, ஓடிடு, ஃப்ராங்க் வீட்டுக்கு போய் கதவ அடைச்சுக்கோன்னு சொல்லுவாங்க இல்ல, நான் அங்க நிறுத்திட்டு ரெண்டு மாசம் கழிச்சுதான் திரும்ப பாத்தேன். 2021 மே மாசம் நானும் அப்படி ஒரு போன் பண்ணேன் எங்க அம்மாவுக்கு, வாசல்ல வந்து யாரு கூப்பிட்டாலும் தொறக்காதன்னு.

மண்வெட்டி அண்ணா சொன்ன ஃப்ராங்க் விஷயத்துக்கு வரேன். எங்க வார்டுல ஒருத்தர், அம்பது அம்பத்தஞ்சு வயசிருக்கும், போன்ல காமெடி கிளிப்பா போட்டு பாத்துக்கிட்டே இருப்பாரு. அவர் சிரிச்சா மாஸ்க் நகரும், ரத்தத்துல ஆக்சிஜன் அளவு எறங்கும், மானிட்டர் கத்த ஆரம்பிச்சிடும். நான் கிட் போட்டுக்கிட்டு வேர்த்து ஊத்த ஓடி வந்து திட்டுவேன், சிரிக்காதீங்க சார், சிரிச்சா செத்துருவீங்கன்னே சொல்லியிருக்கேன். பக்கத்து பெட்காரங்க எல்லாம் சவுண்ட கொஞ்சம் கூட்டி வைங்கன்னு அவருக்குத்தான் சப்போர்ட்டு. ஒருநாள் நானே போன புடுங்கி டிராயர்ல வெச்சுட்டேன். சாயங்காலம் வரைக்கும் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு, பேசல. அப்பறம் நானே எடுத்து குடுத்துட்டேன். அந்த போன மூணு நாள் கழிச்சு அவர் பொண்ணு வந்து கையெழுத்து போட்டு வாங்கிட்டு போச்சு.

சிரிச்சதாலயா போனாருன்னா இல்ல, நுரையீரல் ஏற்கெனவே போயிடுச்சு. ஆனா ஏழாவது எபிசோட பாத்தப்ப அந்த குட்டிப்பொண்ணு மேல எனக்கு கோவம் வரல. எனக்கு டிராயர்தான் ஞாபகம் வந்துச்சு.

டைலர நான் மன்னிக்கல. அந்த குழந்தைங்க சீன்ல போன தூக்கி போட்டுட்டேன்.

ரிமோட்டு ராணி
சிஸ்டர் 😢 நான் மூணாவது எபிசோட்ல இருந்து மறுபடி ஆரம்பிக்கிறேன்

மிசிசாகா மாமா
தங்கச்சி, வாசிச்சுப்போட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தனான். ஜீவனும் கடைசியில வைத்தியம் பாக்கிற ஆளாத்தானே வாறான், ஓநாய் கடிச்சுக் காலும் போய், முந்தி நாடகத்தில நடிகன் மயங்கி விழ மேடையில ஏறி ஒண்டும் செய்யத் தெரியாமல் நிண்டவன். நீங்கள் இன்னும் அதே வேலையிலதானே இருக்கிறியள்?

வார்டு நம்பர் 7
ஆமா மாமா. இப்ப பிரசவ வார்டு.

மண்வெட்டி
சிஸ்டர், ஃப்ராங்க பத்தி நான் எழுதுனத வாபஸ் வாங்கிக்கிறேன். டைலர வாங்க மாட்டேன். கொள்ளையும் வாங்க மாட்டேன். இருபதாவது வருஷத்துல அந்த கோஷ்டிக்கு சோறு போட்டது யாரு, எனக்கு அது தெரிஞ்சே ஆகணும்.

இரவுக்காட்சி
யோவ், எங்க ஊருக்கு கூத்து ஆட வர்றவங்களுக்கு யாரு போடுறா? வீட்டுக்கு ரெண்டு ஆளுன்னு பிரிச்சு கூட்டிட்டு போவாங்க. ஒரு வருஷம் எங்க வீட்டு பங்குக்கு துரியோதனன் வந்தாரு. அரிதாரத்த பாதி தொடைச்சுட்டு திண்ணைல உக்காந்து கேப்பக்களி தின்னாரு, எங்க ஆயா ரெண்டாவது உருண்டைய வெச்சுக்கிட்டே, திரௌபதிய அப்படி பேசுனியேடா பாவின்னு திட்டிக்கிட்டு இருந்துச்சு. அவரு தலைய குனிஞ்சுக்கிட்டு இன்னும் கொஞ்சம் கொழம்பு கேட்டாரு.

மண்வெட்டி
இந்த ஒரு சீன வெச்சிருந்தான்னா நான் இந்த பஞ்சாயத்தையே கூட்டியிருக்க மாட்டேன்.