வெயில் ஏறினால் அறுந்துபோகும் பைபர் இணைப்பு: உதவி தேவை

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு பைபர் இணைப்பு மூன்று வாரமாகத் தினமும் மதியம் 1 மணிக்கு மேல் துண்டிக்கப்படுகிறது. மோடத்தில் எல்.ஓ.எஸ். விளக்கு (ஒளி சிக்னல் வரவில்லை என்று காட்டுவது) சிவப்பாக மின்னும்; ஐந்து, பத்து நிமிடத்தில் தானாகவே மீளும். மாலைக்குள் ஆறேழு முறை இப்படி. மகளின் இணையவழி வகுப்பும் அந்த நேரத்தில்தான். இரவிலும் காலையிலும் ஒரு குறையும் இல்லை.

100 எம்பிபிஎஸ் திட்டம். முதலில் இருந்தது நிறுவனமே கொடுத்த ஜிபான் (பைபர் இணைப்புக்கான வகை) வைஃபை மோடம், இரண்டு ஆண்டு பழையது. வைஃபை கோளாறோ என்று லேன் கேபிளை நேரே கணினியில் செருகிப் பார்த்தேன், அப்போதும் அறுந்தது. மோடம், அடாப்டர், சுவரிலிருந்து வரும் மஞ்சள் பேட்ச் கார்டு (மோடத்தில் செருகும் சிறு பைபர் கேபிள்) மூன்றையும் மாற்றியாகிவிட்டது. மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் தெரியும் ஒளி அளவை நான்கு நாள் குறித்து வைத்தேன்: காலையில் −22 டிபிஎம் (ஒளி வலிமையின் அலகு; எண் கீழே போகப் போக ஒளி பலவீனம்), மதியம் அறுவதற்குச் சற்று முன் −28. வெயில் ஏற ஏற அளவு இறங்குவதால் தெருக் கம்பத்திலுள்ள இணைப்புப் பெட்டி மீதுதான் எனக்குச் சந்தேகம். ஊழியர் வருவதோ காலை பத்து மணிக்கு. வீட்டுக்குள் அளந்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று புகாரை முடித்துவிடுகிறார்.

கோளாறு கம்பத்தில்தான் என்று உறுதிசெய்ய, அவரை எந்த இடத்தில், எந்த அளவீட்டை எடுக்கச் சொல்ல வேண்டும்?